ஈர மண் மழையை வரவழைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை மேலிருந்து வருவது, மண் அதை வாங்கிக்கொள்வது என்று நினைத்தே பழகிவிட்டோம். அந்த மண்ணே அடுத்த மழையில் கை வைக்கிறது என்று சொன்னால் உடனே ஒரு பத்துக் கேள்வி வருகிறது. அடிக்கடி வருபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மழைதானே மண்ணை நனைக்கிறது? மண் எப்படி மழையை மாற்றும்?

இரண்டும் நடக்கிறது. நிலத்தில் விழும் மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆறாக ஓடிக் கடலைச் சேர்வதில்லை. மண்ணிலிருந்து நேராக ஆவியாகியும், வேர் உறிஞ்சி இலை வழியே வெளியேறியும் மறுபடி காற்றுக்கே போய்விடுகிறது. அதில் ஒரு பங்கு இன்னொரு நிலத்தின்மேல் மழையாக இறங்குகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் நிலத்தின்மேல் பெய்யும் மழையில் சராசரியாக 40 சதவீதம் நிலத்திலிருந்தே கிளம்பிய ஆவி. சீனாவின் நீர்வளத்தில் 80 சதவீதம் யூரேசிய நிலப்பரப்பிலிருந்து எழும் ஆவியால் வருகிறது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

ஆனால் இந்த 40 சதவீதத்தை வைத்துக்கொண்டு “நிலம் காய்ந்தால் மழையில் 40 சதவீதம் போய்விடும்” என்று முடிவு கட்டக்கூடாது. இது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் வரவுக்கணக்கு மட்டும்தான். மண் ஈரம் மழையை மாற்றுவதற்குத் தண்ணீரைக் கொடுப்பது ஒரு வழி. வெப்பத்தைப் பங்கிடுவது இன்னொரு வழி. பல இடங்களில் இரண்டாவதுதான் பெரிது.

மண்ணில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதா?

இல்லை. பூமியிலுள்ள மொத்தத் தண்ணீரில் மண் ஈரத்தின் பங்கு 0.001 சதவீதம் அளவுதான். இருந்தாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலில் ஒரு பசுமையான வயல் நாளொன்றுக்கு 5 மி.மீ. தண்ணீரை ஆவியாக்குவது சாதாரணம். ஒரு ஏக்கருக்கு அது 20,000 லிட்டர். அதாவது ஒவ்வொரு ஏக்கரும் தினமும் இரண்டு டேங்கர் லாரித் தண்ணீரை வானத்துக்கு அனுப்புகிறது.

வெப்பத்தைப் பங்கிடுவது என்றால் என்ன?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரியும் அல்லவா? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஈர நிலமும் ஒரு பெரிய பானைதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல இது எட்டு மடங்கு.

ஆகவே வெயில் தரையில் படும்போது அதற்கு இரண்டு செலவுகள் இருக்கின்றன. ஒன்று தண்ணீரை ஆவியாக்குவது, மற்றொன்று தரையையும் அதை ஒட்டிய காற்றையும் சூடாக்குவது. மண்ணில் ஈரம் இருந்தால் முதல் செலவுக்குப் பெரும்பங்கு போகும். காற்று அவ்வளவாகச் சூடாகாது, ஆனால் ஈரப்பதம் ஏறும். தரையை ஒட்டிய காற்றடுக்கு தாழ்வாகவே இருக்கும், மேகமும் தாழ்வாகவே கட்டும். மண் காய்ந்திருந்தால் வெயில் முழுக்கக் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று விசையோடு மேலே ஏறும். அந்த அடுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கும் வளரும்.

மழை மேகத்துக்கு இரண்டும் வேண்டும், ஈரமும் தூக்கிவிடும் விசையும். ஈர மண் முதலாவதைத் தருகிறது, காய்ந்த மண் இரண்டாவதை. ஈர மண்ணா, காய்ந்த மண்ணா என்ற குழப்பத்துக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, சுருக்கமாகச் சொல்லுங்கள். ஈரமான நிலத்தில் அதிக மழையா, காய்ந்த நிலத்திலா?

நீண்ட காலம் எல்லோரும் “ஈரமான நிலத்தில்” என்றுதான் சொல்லிவந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்தில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும் யேல் மின்ட்ஸும் 1982-இல் கணினியில் இரண்டு பூமிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் நிலம் எப்போதும் நனைந்தே இருக்கும். மற்றதில் நிலத்திலிருந்து ஒரு துளிகூட ஆவியாகாது. காய்ந்த பூமியில் வட கண்டங்களின் கோடை கடுமையாகச் சூடேறியது. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் மழை வெகுவாகக் குறைந்தது. மழை என்றால் கடல்தான் என்றிருந்த வானிலையாளர்கள் நிலத்தையும் திரும்பிப் பார்க்க வைத்த வேலைகளில் அது ஒன்று.

அப்புறம் 2012-இல் பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டோபர் டெய்லரும் கூட்டாளிகளும் இப்படிக் கணினியில் ஓட்டும் பூமிகளை, அதாவது மாதிரிகளை, விட்டுவிட்டு, செயற்கைக்கோள் பதிவுகளை எடுத்து உண்மையான மழையைப் பார்த்தார்கள். ஆறு கண்டங்களிலும், பிற்பகலில் மழை எங்கே இறங்குகிறது, அன்று காலையில் அந்த இடத்து மண் சுற்றுவட்டாரத்தைவிட ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்பதுதான் கேள்வி. 50 முதல் 100 கிலோமீட்டர் அளவில் பார்த்தபோது, சுற்றுவட்டாரத்தைவிடக் காய்ந்த மண்ணின்மேல்தான் பிற்பகல் மழை அதிகம் விழுந்தது. அவர்கள் ஒப்பிட்ட காலநிலை மாதிரிகளோ நேர் எதிராக, ஈரத்தின்மேலேயே மழையைக் கொட்டிக்கொண்டிருந்தன.

இது எப்படி என்பதற்குச் சென்னைவாசிகளுக்கு விளக்கமே தேவையில்லை. பகலில் நிலம் சூடாகிறது, கடல் குளிர்ந்திருக்கிறது, பிற்பகலில் கடற்காற்று உள்ளே வருகிறது. நேற்று மழை பெய்து நனைந்த வயல்வெளியும் அதன் பக்கத்தில் காய்ந்து கிடக்கும் வெளியும் இதேபோலத்தான். நனைந்த பக்கம் கடலாக நடந்துகொள்கிறது. அங்கிருந்து குளிர்ந்த, ஈரமான காற்று காய்ந்த பக்கத்துக்குப் போய், அங்கே ஏறிக்கொண்டிருக்கும் சூடான காற்றோடு முட்டி மேலே எழுகிறது. ஈரத்தைக் கொடுப்பது ஒரு ஊர், மழையை வாங்குவது பக்கத்து ஊர்.

ஆப்பிரிக்காவின் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் புல்வெளிகளில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. நிலம் தட்டை, மரம் குறைவு, மழை திட்டுத் திட்டாகப் பெய்யும். நேற்றைய புயல்மழை விட்டுச்சென்ற ஈரத்தடத்தின் ஓரத்தில் இன்றைய மேகம் கிளம்புவதை வானிலிருந்தே பார்க்க முடிகிறது.

அப்படியென்றால் பழைய கருத்து தவறா?

தவறில்லை. 2015-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் டெய்லரின் முறையையே கொஞ்சம் பிரித்துப் பார்த்தார்கள். “எந்த இடத்தில்” என்று கேட்டால் காய்ந்த இடம். “எந்த நாளில்” என்று கேட்டால் ஈரமான நாள். வட்டாரம் முழுவதும் மண் ஈரமாக இருக்கும் நாட்களில் மழை வர வாய்ப்பு அதிகம். அப்படி வரும் மழை, அந்த வட்டாரத்துக்குள் காய்ந்து கிடக்கும் திட்டைத் தேடி விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு போய்விடுகிறது.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். இயற்கை காய்ந்த திட்டில் மழையை விடுவதால் ஈரம் சமன்படுகிறது. மாதிரிகள் சொன்னபடி நனைந்த இடமே நனைந்துகொண்டிருந்தால், வறட்சி ஒருமுறை வந்த இடத்தை விட்டு எளிதில் போகாது. வறட்சியை மிகைப்படுத்தும் போக்கு சில மாதிரிகளில் இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கிருந்துதான் வலுத்தது.

உலகில் எங்கே மண் ஈரத்துக்கு மழைமேல் பிடி அதிகம்?

நாசாவின் ராண்டல் கோஸ்டர் தலைமையில் ஒரு டஜன் காலநிலை மாதிரிக் குழுக்கள் ஒரே சோதனையைச் செய்து 2004-இல் முடிவை வெளியிட்டன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்துக்கு உலக வரைபடத்தில் சில இடங்கள் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன: வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளி, சாஹேல், நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கா, அப்புறம் இந்தியா.

இவை எல்லாம் இரண்டும்கெட்டான் நிலங்கள், அதாவது ரொம்ப ஈரமும் இல்லை, ரொம்ப வறட்சியும் இல்லை. பாலைவனத்தில் வெயில் கொட்டிக் கிடக்கிறது, ஆவியாகத்தான் ஒன்றுமில்லை. அமேசான் போன்ற நடுக்காட்டில் தண்ணீர் எப்போதும் உண்டு. அங்கே ஆவியாதலை முடிவுசெய்வது வெயிலின் அளவு, மண்ணின் ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு மாறாது. நடுவில் இருக்கும் நிலத்தில்தான் ஈரம் ஒரு பிடி கூடினால் ஆவியாதலும் கூடும், அந்த ஆவி மழையாக மாறும் அளவுக்குக் காற்றும் பதமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: அந்தப் பன்னிரண்டு மாதிரிகளும் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பிடி வலுவாக, சிலவற்றில் இல்லவே இல்லை என்ற அளவில் இருந்தது. மேலே சொன்ன பட்டியல் சராசரி.

அமேசான் காடு தன் மழையைத் தானே செய்துகொள்கிறது என்கிறார்களே?

பெரும்பகுதி அட்லாண்டிக் கடலின் ஆவிதான். ஆனால் அது காட்டுக்குள் மேற்கு நோக்கிப் போகும் வழியில் மழையாக விழுந்து, மரங்கள் வழியே எழுந்து, மறுபடி விழுகிறது. பிரேசிலின் எனேயாஸ் சலாட்டி 1970-களில் மழைநீரிலுள்ள ஆக்சிஜனின் கனமான வகையை அளந்து இதைக் காட்டினார். கனமானது முதலில் மழையாக விழுந்துவிடும். ஆகவே வெறும் கடல் ஆவி என்றால், கடலிலிருந்து உள்ளே போகப் போக அந்த வகை வேகமாகக் குறைய வேண்டும். அவ்வளவு குறையவில்லை, விழுந்ததை மரங்கள் மறுபடி காற்றுக்கு அனுப்புகின்றன. பிற்காலக் கணக்குகள் அந்தப் படுகையின் மழையில் 25 முதல் 35 சதவீதம் இப்படிச் சுழன்று வருவது என்கின்றன. ஆண்டீஸ் மலை தடுத்துத் தெற்கே திருப்பிவிடும் மிச்ச ஈரத்தைத்தான் பிரேசிலில் ‘பறக்கும் ஆறுகள்’ என்கிறார்கள்.

முந்தைய கேள்வியில் அமேசானை விட்டுவிட்டேனே என்று கேட்கலாம். காடு இருக்கும்வரை மேல்மண்ணின் ஈர ஏற்ற இறக்கம் அங்கே பெரிதல்ல, மரங்கள் ஆழத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. காட்டை வெட்டிப் புல் போட்டால் அந்த ஆழ வேர் போய்விடும். அப்போது அமேசானும் நடுத்தர நிலத்தின் பக்கம் நகரும்.

உழவு செய்தால் மழை வரும் என்று நம்பியவர்கள் உண்டாமே?

உண்டு, அதற்காகக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் 1870-களின் பின்பகுதியிலும் 1880-களின் முன்பகுதியிலும் சில ஆண்டுகள் நல்ல மழை. அதே காலத்தில் குடியேறிகள் புல்வெளியை உழ ஆரம்பித்தார்கள். இறுகிய தரையை ஏர் திறந்துவிடுகிறது, மண் ஈரத்தைக் குடித்து வைத்திருந்து மெல்ல ஆவியாக்குகிறது, அதனால் மழை கூடுகிறது என்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி போன்றவர்கள் விளக்கம் சொன்னார்கள். “ஏரைப் பின்தொடர்ந்து மழை வரும்” என்று 1881-இல் எழுதி அதை முழக்கமாக்கினார் நில வணிகத்தோடு தொடர்புடைய சார்லஸ் டேனா வில்பர். ரயில் கம்பெனிகளுக்கும் நிலம் விற்பவர்களுக்கும் இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா?

1890-களில் வறட்சி வந்தது. ஆயிரக்கணக்கானோர் நிலத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1930-களில் வந்தது இன்னும் மோசம். புல்வேர் பிடித்திருந்த மண்ணை உழுது தூளாக்கியிருந்ததால் வறட்சியில் அது புழுதிப் புயலாகக் கிளம்பியது. வறட்சியைத் தொடங்கி வைத்தது கடல் வெப்பநிலைதான். ஆனால் பயிரில்லாத நிலமும் காற்றில் எழுந்த புழுதியும் அதை இன்னும் கடுமையாக்கி, வடக்கே நகர்த்தின என்று 2009-இல் வெளியான ஒரு மாதிரி ஆய்வு காட்டியது.

கதையில் ஒரு திருப்பமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே சமவெளியில் ஓகல்லாலா என்ற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து இறைத்துப் பெரிய அளவில் பாசனம் செய்தார்கள். அங்கிருந்து காற்று வீசும் திசையில், கான்சஸின் கிழக்கிலிருந்து இந்தியானா வரை ஜூலை மாத மழை 20-ஆம் நூற்றாண்டில் 15 முதல் 30 சதவீதம் கூடியிருந்ததை 2010-இல் ஒரு குழு எடுத்துக்காட்டியது. காலமும் திசையும் பாசனத்தோடு பொருந்துகின்றன. ஏர் செய்யாததைப் பம்புசெட் கொஞ்சம் செய்திருக்கிறது போலும். ஆனால் இறைத்தவருக்கு அல்ல, காற்று போகும் திசையில் இருந்தவருக்கு.

இந்தியப் பருவமழைக்கும் மண்ணுக்கும் என்ன தொடர்பு?

பருவமழையின் முதுகெலும்பு கடல்தான், அதில் சந்தேகமில்லை. ஜூனில் வரும் மழை கிட்டத்தட்ட முழுக்கக் கடல் ஈரம். ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் நிலம் நனைந்து, பயிரும் காடும் தழைத்த பிறகு கதை மாறுகிறது. கங்கைப் படுகையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் அந்த மாதங்களின் மழையில் 20 முதல் 25 சதவீதம் உள்நாட்டு நிலத்திலிருந்தே எழுந்த ஆவி என்பது மும்பை ஐஐடி குழுவின் கணக்கு.

இன்னொரு பக்கம் பாசனம். வட இந்தியச் சமவெளி உலகிலேயே மிக அடர்த்தியாகப் பாசனம் நடக்கும் இடங்களில் ஒன்று. பருவமழைக்கு முன்னால் தரையை நனைத்தால் தரை குளிர்கிறது. நிலம் சூடாகிக் கடலிலிருந்து காற்றை இழுப்பதுதான் பருவக்காற்று என்றால், நிலம் குளிர்ந்தால் அந்த இழுப்பு குறைய வேண்டும் அல்லவா? மாதிரி ஆய்வுகள் பல அப்படித்தான் சொல்கின்றன. மும்பை ஐஐடியின் சுபிமல் கோஷ் குழு 2019-இல், நெல் வயலில் தண்ணீர் கட்டி நிற்பதையும் அளவுக்குமேல் பாய்ச்சுவதையும் உள்ளபடியே மாதிரியில் சேர்த்துப் பார்த்தது. செப்டம்பர் மழை வடமேற்குப் பக்கம் நகர்ந்தது, மத்திய இந்தியாவில் அதிகனமழை கூடியது.

2023-இல் அதே வட்டத்தினர் நதிநீர் இணைப்பை எடுத்துக்கொண்டார்கள். மிகுதியான படுகையிலிருந்து கொண்டுவந்த நீரைப் பாசனத்துக்கு விட்டால், ஏற்கெனவே தண்ணீர் தட்டுப்பாடுள்ள சில பகுதிகளில் செப்டம்பர் மழை 12 சதவீதம் வரை குறையலாம் என்று முடிவு வந்தது. இதை வைத்து இணைப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன், இது மாதிரி ஆய்வு. ஆனால் ஆற்றை மாற்றினால் மேகம் சும்மா இருக்கும் என்று கருதித் திட்டம் போடுவது சரியல்ல.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தார் 2016-இல் இன்னும் தூரம் போனார்கள். தெற்காசியப் பாசனத்தில் எழும் ஆவி அரபிக்கடலைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்காவின் சில வறண்ட பகுதிகளில் மழையின் 40 சதவீதம் வரை காரணமாகலாம் என்பது அவர்கள் மாதிரியின் கணக்கு.

தமிழ்நாட்டில்?

வடகிழக்குப் பருவமழையில் மண்ணுக்கு வேலை குறைவு. அது வங்கக்கடலின் ஈரம், கடலில் உருவாகும் தாழ்வுநிலைகள். கோடையில் “வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் மழை” என்று செய்தியில் சொல்வார்களே, அங்கேதான் தரையின் சூடும் ஈரமும் கணக்கில் வருகின்றன. பக்கத்துத் தெருவில் கொட்டி நம் தெருவில் தூறல்கூட இல்லாமல் போகும் மழை இது. எந்தத் தெரு என்று மண் ஈரத்தை வைத்துச் சொல்ல யாராலும் முடியாது.

புயல் நிலத்தில் ஏறினால் ஓய்ந்துவிடும்தானே?

பெரும்பாலும். ஆனால் 2007 ஆகஸ்டில் ‘எரின்’ என்ற வெப்பமண்டலப் புயல் டெக்சாஸ் கரையைக் கடந்து வலுவிழந்து, மூன்று நாள் கழித்து கடலிலிருந்து வெகுதூரத்தில் ஒக்லஹோமா மாநிலத்தின்மேல் மறுபடி வலுத்தது. ரேடாரில் கண் போன்ற அமைப்புகூடத் தெரிந்தது. அந்த ஆண்டு அங்கே மழை அதிகம், மண் ஊறிப்போயிருந்தது. சூடான, ஊறிய மண் கடல் கொடுக்கும் ஆவியைக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. இதற்கு ‘பழுப்புக் கடல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வட ஆஸ்திரேலியாவிலும் இது நடப்பதுண்டு.

மண் ஈரத்தை உலகம் முழுக்க எப்படி அளக்கிறார்கள்?

பழைய வழி எளிது: மண்ணை எடுத்து எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போடுவது. துல்லியமானதுதான், ஆனால் உலகம் முழுக்க யார் தோண்டுவது?

ஐரோப்பிய விண்வெளி முகமை 2009 நவம்பரில் ‘ஸ்மாஸ்’ செயற்கைக்கோளையும், நாசா 2015 ஜனவரியில் ‘ஸ்மாப்’பையும் அனுப்பின. எல்லாப் பொருளும் மெல்லிய நுண்ணலையை வெளிவிடுகிறது. ஈர மண் குறைவாக விடும். 1.4 கிகாஹெர்ட்ஸ் அலை மேகத்தையும் ஓரளவு பயிரையும் ஊடுருவி வருவதால் அதைக் கேட்டால் போதும். அந்த அலைவரிசை வானொலி வானியலுக்காக ஒதுக்கப்பட்டது, யாரும் ஒலிபரப்பக்கூடாது. ஆனாலும் விதி மீறிய கருவிகளின் இரைச்சல் ஸ்மாஸைப் பல ஆண்டு தொந்தரவு செய்தது. ஸ்மாப்பின் ரேடாரோ ஏவிய ஆண்டு ஜூலையிலேயே படுத்துவிட்டது. நுண்ணலையைக் கேட்கும் கருவி மட்டும் தொடர்ந்து வேலை செய்தது.

குறை என்னவென்றால் இவை பார்ப்பது மேல் 5 செ.மீ. மண்ணை. வேர் இருப்பது அதற்குக் கீழே.

முன்னறிவிப்புக்கு இது உதவுமா?

காற்று ஒரு வாரத்துக்கு முந்தையதை மறந்துவிடும். மண் மறக்காது, ஆழமண்ணின் ஈரக்குறைவு மாதக்கணக்கில் நிற்கும். 2003-இல் ஐரோப்பாவில் வசந்தகால மழை பொய்த்து மண் உலர்ந்திருந்தது, கோடையின் அனல் அதனால் இன்னும் கூடியது. ஆகவே மண் ஈரத்தைச் சரியாகக் கொடுத்தால் சில வாரம் முன்னால் வெப்பநிலையைக் கணிப்பது மேம்படுகிறது. மழையைக் கணிப்பதில் லாபம் அதைவிடக் குறைவு.

எங்கள் ஊரில் ஏரியைத் தூர்வாரி மரம் நட்டால் மழை கூடுமா?

ஒரு ஏரியாலும் ஒரு தோப்பாலும் கூடாது. காற்று உங்கள் ஊர் ஈரத்தை மேகமாக மாறுவதற்குள் நூறு மைல் தள்ளிக்கொண்டு போய்விடும். கிணற்றில் தண்ணீர் ஏறும், ஊர் கொஞ்சம் குளிரும், அதுவே தூர்வாரப் போதுமான காரணம்.

அளவு பெரிதானால் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல்களைத் தடுக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட ஒரு நெடிய வேலி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் கோதுமை வயல், மறுபக்கம் பழைய புதர்க்காடு, இரண்டுமே பல லட்சம் ஏக்கர். கோதுமை அறுத்த பிறகு வயல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும், கருத்த புதர் வேர்வழியே இழுத்துக்கொண்டே இருக்கும். கோடையில் விமானத்தில் போனால் சில நாட்களில் மேகம் புதர்ப்பக்கம் மட்டும் கட்டி, வேலி ஓடும் கோட்டோடு நின்றுவிடுவதைப் பார்க்கலாம்.